எஃப்பிஜிஏவில் இடம் போதவில்லையா? முதலில் மெமரியைப் பாருங்கள்

எஃப்பிஜிஏ என்றால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப். அந்தச் சர்க்யூட்டை எழுதும் மொழி வெரிலாக். லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்ஸ்டிக் என்ற எஃப்பிஜிஏ போர்டில் வெரிலாக் பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலுள்ள ஐஸ்40 எச்எக்ஸ்1கே சிப்பில் மொத்தம் 1280 லாஜிக் செல்கள்தான். ஒவ்வொரு செல்லிலும் ஒரு லட், ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப். லட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, 16 பிட் கொண்ட சின்ன அட்டவணை. நான்கு இன்புட்டுக்குள் அடங்கும் எந்த லாஜிக்கும் ஒரே லட்டில் முடிந்துவிடும்.

படி 1: கணக்குப் பாருங்கள்

வெரிலாக் கோடை சிப்பின் லாஜிக்காக மாற்றும் வேலைதான் சிந்தசிஸ், அதைச் செய்யும் கருவி யோசிஸ். அதில் சிந்தசிஸ் முடிந்ததும் ஸ்டாட் கட்டளையைக் கொடுங்கள். லட், ஃபிளிப்-ஃபிளாப், பிளாக் ராம் (சிப்புக்குள்ளேயே இருக்கும் தனி மெமரித் துண்டு) எத்தனை எத்தனை என்று தனித்தனியாக வரும். எங்கே வீணாகிறது என்று தெரியாமல் கோடில் கைவைக்காதீர்கள்.

படி 2: மெமரியை பிளாக் ராமுக்கு அனுப்புங்கள்

பெரும்பாலும் கோளாறு இங்கேதான். சீரியல் போர்ட்டில் (யூஆர்ட்) வரும் தரவைச் சேர்த்துவைக்க நான் முதலில் எழுதிய பஃபர் வெறும் 256 பைட். அதாவது 2048 பிட். சிப்பில் இருப்பதோ 1280 ஃபிளிப்-ஃபிளாப். எப்படி நுழையும்?

அதே சிப்பில் தலா 4 கிலோபிட் கொண்ட 16 பிளாக் ராம்கள் சும்மா கிடந்தன. கருவி அவற்றைத் தொடாததற்கு நான்தான் காரணம். அரேயை அசைன் வரியில் நேரடியாகப் படித்திருந்தேன். போதாததற்கு, ரீசெட் வந்தால் ஃபார் லூப் போட்டு எல்லா பைட்டையும் பூஜ்யமாக்கியிருந்தேன். பிளாக் ராமுக்கு இரண்டுமே ஆகாது. அது கிளாக் விளிம்பில்தான் தரவைத் தரும். உள்ளே இருப்பதை ஒரே அடியில் அழிக்க அதற்கு வழியும் கிடையாது. அதனால் கருவி ஒவ்வொரு பிட்டையும் ஃபிளிப்-ஃபிளாப்பாக உடைத்துவிட்டது.

சரி, மாற்றம் என்ன? படிக்கும் வரியை கிளாக் உள்ள ஆல்வேஸ் பிளாக்குக்குள் கொண்டுபோய் ஒரு ரிஜிஸ்டரில் வையுங்கள். ரீசெட் லூப்பை எடுத்துவிட்டு, எழுதும் பாயிண்டரையும் படிக்கும் பாயிண்டரையும் மட்டும் ரீசெட் செய்யுங்கள். உள்ளே பழைய குப்பை இருந்தாலும் அதை யாரும் படிக்கப்போவதில்லை. பஃபர் முழுவதும் ஒரே பிளாக் ராமில் அடங்கிவிடும். ஆனால் தரவு ஒரு கிளாக் தாமதமாக வரும். ஸ்டேட் மெஷினில் அதற்கு ஒரு காத்திருப்பு நிலை சேர்க்க மறக்காதீர்கள்.

படி 3: கவுண்டரைப் பகிருங்கள்

பட்டனுக்கு ஒன்று, எல்இடிக்கு ஒன்று, டிஸ்பிளேவுக்கு ஒன்று என்று மில்லிசெகண்ட் கவுண்டர் வைத்திருப்பீர்கள். போர்டின் கிளாக் 12 மெகாஹெர்ட்ஸ். 12,000 வரை எண்ண 14 பிட் வேண்டும், அதை ஒப்பிட மேலும் சில லட். ஒரே கவுண்டர் வைத்து, அதிலிருந்து வரும் துடிப்பை மற்றவற்றுக்கு எனேபிளாகக் கொடுங்கள். ஆனால் அந்தத் துடிப்பையே கிளாக்காகப் பயன்படுத்திவிடாதீர்கள்.

படி 4: பெருக்கலைக் குறையுங்கள்

இந்தச் சிப்பில் தனிப் பெருக்கி இல்லை, எல்லாமே லட்டில்தான். இஃப் பக்கம் ஒரு பெருக்கல், எல்ஸ் பக்கம் இன்னொன்று என்றால் முதலில் எண்களைத் தேர்ந்தெடுத்து, பிறகு ஒரே இடத்தில் பெருக்குங்கள். சில நேரம் கருவியே இதைச் செய்துவிடும், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

அப்புறம், லட் எண்ணிக்கை திடீரென்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் குதிக்காதீர்கள். அவுட்புட்டை சிப்பின் வெளி முனையோடு (pin) இணைக்க மறந்திருப்பீர்கள். யாருக்கும் போய்ச் சேராத லாஜிக்கை யோசிஸ் மொத்தமாக வெட்டி எறிந்துவிடும்.