பின்களத்தைப் பழிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் கடைவீதியில் ஞாயிற்றுக்கிழமை காலை எந்தச் சலூனுக்குள் நுழைந்தாலும், கதிரையில் அமர்ந்திருப்பவரின் தலைமுடியைவிட முந்தைய இரவு ஆடிய கால்பந்து அணியின் பின்களமே, அதாவது கோலைக் காக்கும் வீரர் வரிசையே, அதிகமாகக் கத்தரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அணி லிவர்பூலாக இருந்தாலும் மன்செஸ்டர் யுனைடெட்டாக இருந்தாலும், "நாங்கள் மூன்று கோல் வாங்கினோம்" என்றுதான் பேச்சு தொடங்கும். "அவர்கள்" என்று யாரும் சொல்வதில்லை. அந்த உரிமையில் எனக்குக் குறையில்லை, நானும் அப்படிப் பேசி வளர்ந்தவன்தான். ஆனால் பல ஆண்டுகளாக இந்தப் பேச்சைக் கேட்டும் பேசியும் வந்ததில், தோல்விக்குக் காரணம் தேடும்போது நாம் ஏறத்தாழ ஒரே தவறுகளையே திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்பது எனக்குப் புலப்பட்டிருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைப்பவை: கோல் விழுந்த கணத்தைப் பார்க்கிறோம், அது உருவான கணத்தைப் பார்ப்பதில்லை.

இதற்கு நம் கடிகாரமும் ஒரு காரணம். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் அங்கே கோடையாக இருக்கும்போது நமக்கு இரவு 7.30க்கும், குளிர்காலத்தில் 8.30க்கும் வருகிறது, அதை முழுமையாகப் பார்த்துவிடலாம். வார நாளில் நடக்கும், ஐரோப்பிய அணிகள் மோதும் சம்பியன்ஸ் லீக் ஆட்டமோ அங்கே இரவு 8 மணிக்குத் தொடங்கினால், இங்கே நள்ளிரவு 12.30 அல்லது 1.30 ஆகிவிடும். விடிந்ததும் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போக வேண்டியவரும், முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஆசிரியரும் அதுவரை விழித்திருக்க இயலாது என்பதால், மறுநாள் காலையில் கைத்தொலைபேசியில் ஹைலைட்ஸ் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் துண்டுகளைத் தொகுப்பவருக்குத் தேவை கோல்தான். ஆகவே காட்சி பெரும்பாலும் கடைசிப் பாஸுக்குச் சற்று முன்பே தொடங்குகிறது. தடுமாறிய ஒரு பின்கள வீரரும், கையை நீட்டியும் எட்டாத கோல் காப்பாளரும் மட்டுமே நம் கண்ணில் படுகிறார்கள். சரியான இடத்தில் நின்றதாலேயே எதிரணியைப் பந்தை வேறு பக்கம் திருப்ப வைத்த வீரர், தொண்ணூறு நிமிடமும் நன்றாக ஆடியிருந்தாலும் அந்தத் துண்டில் வரவே மாட்டார். ஹைலைட்ஸ் பார்த்தவர் கோல் எப்படி விழுந்தது என்று பேசலாம். பின்களம் எப்படி ஆடியது என்று தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

கடைசியாகப் பந்துக்கருகில் நின்றவரையே குற்றவாளியாக்குவது இதன் நேரடி விளைவு. அதைத் தொலைக்காட்சி ஆட்டத்தைக் காட்டி விளக்குவதைவிட நம் தோட்ட மைதானத்தைக் காட்டி விளக்குவது எளிது. சில ஆண்டுகளுக்கு முன்னர், தேயிலை மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு மைதானத்தில், தூறல் விட்டும் விடாமலும் இருந்த ஒரு பிற்பகலில் எங்கள் அணி ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் இடது பக்கப் பின்கள வீரரான பையன் வழுக்கி முழங்காலில் விழ, எதிரணி வீரர் அவரைத் தாண்டிச் சென்று பந்தை வலைக்குள் தள்ளினார். "மச்சான், அவனாலதான் போச்சு!" என்று திட்டின் மேல் நின்ற அத்தனை பேரும் கத்தினோம், நானும்தான். அன்று மாலை, யாரோ ஒருவர் தொலைபேசியில் எடுத்திருந்த காணொளியைப் பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது. எங்கள் மத்தியகள வீரர் தொடுகோட்டருகே இரண்டு பேரை வெட்டிக் கடந்துவிட்டு, மூன்றாமவரிடம் பந்தைப் பறிகொடுக்கிறார். பறிகொடுத்தவர் திரும்பி ஓடாமல் நடுவரைப் பார்த்து இரு கைகளையும் விரித்து நிற்கிறார். இன்னொரு மத்தியகள வீரரும் ஏற்கெனவே முன்னே போய்விட்டார். பின்களத்துக்கு முன்னால் அரை மைதானம் வெறுமையாகக் கிடக்கிறது. பந்தோடு வருகிறவர், அவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் என இரண்டு பேருக்கு எதிரே அந்தப் பையன் ஒருவர்தான். பந்தை நோக்கிப் பாய்ந்தால் மற்றவருக்குப் பாஸ் போகும். பாயாமல் நின்றால் நேரே கோல் கம்பத்தை நோக்கி அடிப்பார்கள். ஆகவே, உதவி வரும்வரை நேரத்தை இழுக்க வேண்டும் என்று, செய்ய வேண்டியதைச் செய்தபடியே பின்னோக்கி ஓடுகிறார். நான்கு செக்கன்கள் அவ்வாறு தாக்குப்பிடிக்கிறார். உதவி வரவில்லை. அதன் பின்னர் திரும்பும்போதுதான் ஈரப் புல்லில் வழுக்குகிறது.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை வைத்திருக்கிறேன். எந்தக் கோலையும் வலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு செக்கன் பின்னோக்கி ஓட்டி, பந்து எங்கே யாரிடமிருந்து பறிபோனது, அப்போது பின்களத்துக்கு முன்னால் யாராவது நின்றார்களா, இரு பக்கப் பின்கள வீரர்களும் எவ்வளவு மேலே போயிருந்தார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன். பல சமயங்களில் குற்றவாளி, காட்சியில் முகமே தெரியாத ஒருவராக இருக்கிறார்.

அடுத்த தவறு, ஒரு ஆளை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. இதற்குச் சான்றாக எப்போதும் கொண்டுவரப்படுபவர் மத்திய பின்கள வீரர் வேர்ஜில் வான் டைக். 2018 ஜனவரியில் 75 மில்லியன் பவுண் கொடுத்து லிவர்பூல் அவரை எடுத்தது. இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் 2017-18 பருவகாலத்தில் 38 கோல்களை வாங்கிய அணி, அடுத்த பருவகாலத்தில் வாங்கியது 22 மட்டுமே. இதுவரை கணக்குச் சரிதான். ஆனால் அதே 2018 கோடையில்தான் கோல் காப்பாளர் அலிசனும், பின்களத்துக்கு முன்னால் காவல் நிற்கும் ஃபபின்யோவும் வந்து சேர்ந்தார்கள் என்பதைச் சலூனில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

கதையின் மறுபாதி இன்னும் சுவையானது. 2020 ஒக்டோபர் 17 அன்று எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வான் டைக் காயமடைந்து, அந்தப் பருவகாலம் முழுவதையும் இழந்தார். லிவர்பூல் அந்த ஆண்டு 42 கோல்களை வாங்கி மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. "பார்த்தாயா, அவர் இல்லாமல் பின்களமே இல்லை" என்பது நம்மவர் தீர்ப்பு. எண்ணிப் பாருங்கள். காயத்துக்கு முன்னர் அவர் முழுமையாக ஆடிய நான்கு லீக் ஆட்டங்களில் லீட்ஸிடம் 3, செல்சியிடம் எதுவுமில்லை, ஆர்சனலிடம் 1, அஸ்டன் வில்லாவிடம் 7 என லிவர்பூல் வாங்கியவை 11 கோல்கள். அலிசன் இல்லாமல் ஆடிய அந்த 7-2 தோல்வியில் வான் டைக் களத்தில்தான் நின்றார். மீதமிருந்த 34 ஆட்டங்களில் விழுந்தவை 31. அப்படியானால் இழப்பு எங்கே தெரிந்தது? மத்திய பின்களத்தில் ஆளில்லாததால் மத்தியகள வீரர்களான ஃபபின்யோவையும் ஹென்டர்சனையும் பின்னால் இறக்கினார்கள், மத்தியகளம் காலியானது, பந்து முன்னே போகவில்லை. 2021 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களைத் தோற்றபோது, அந்த ஆறிலும் சேர்த்து லிவர்பூல் அடித்தது ஒரேயொரு கோல், அதுவும் பெனால்டி. பின்களத்தில் விழுந்த ஓட்டையின் விலையை முன்களம் கொடுத்தது. வான் டைக் பெரிய வீரர் அல்ல என்று இதற்குப் பொருளல்ல. ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் விளக்கம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதுதான் தவறு.

சில ஆட்டங்களை வைத்து முழுப் பருவகாலத்துக்கும் சாதகம் கணிப்பவர்களுக்கு 2015-16 லெஸ்டர் சிட்டியை நினைவூட்டலாம். முதல் ஒன்பது லீக் ஆட்டங்களில் அந்த அணி 17 கோல்களை வாங்கியது. ஒரு ஆட்டத்தில்கூட எதிரணியை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கோல் வாங்காமல் ஒரு ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருவதாகப் பயிற்றுவிப்பாளர் ரனியேரி சொன்னது அப்போதுதான். பத்தாவது ஆட்டத்தில் கிறிஸ்டல் பலஸை 1-0 என வென்று பீட்சாவையும் பெற்றுக்கொண்டார்கள். அதையும் சேர்த்து எஞ்சிய 29 ஆட்டங்களில் வாங்கியவை 19 மட்டுமே, கிண்ணமும் அவர்களுக்கே. நடுவில் நின்ற மோர்கனும் ஹுத்தும் மாறவில்லை. மாறியவர்கள் பக்கங்களில் நின்றவர்கள்: சிம்சனும் ஃபுக்ஸும் உள்ளே வந்து, முன்னே ஓடுவதைக் குறைத்துத் தம் இடத்தில் நின்றார்கள். செப்டெம்பர் மாதத்தில் நம் சலூனில் யாராவது மோர்கனை விற்றுவிடச் சொல்லியிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கோல் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, அந்தக் கோல் விழுந்த வேளையில் ஆட்டம் எந்த நிலையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2011 ஒக்டோபர் 23 அன்று மன்செஸ்டர் யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் ட்ரஃபர்டில் மன்செஸ்டர் சிட்டி அவர்களை 6-1 என வீழ்த்தியதை இன்றும் கேலிக்குப் பயன்படுத்துகிறார்கள். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் யுனைடெட்டின் பின்கள வீரர் ஜொனி எவன்ஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறும்போது நிலை 0-1. 81ஆவது நிமிடத்தில் ஒரு கோல் அடித்து 1-3 ஆக்கிய யுனைடெட், பத்துப் பேருடனே ஆட்டத்தைப் பிடிக்க முன்னே ஓடியது. கடைசி மூன்று கோல்களும் அதன் பின்னர் ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் விழுந்தவை. அந்த மூன்றும் பின்களத் திறமையைப் பற்றிச் சொல்வதைவிட, பின்வாங்க மறுத்த பிடிவாதத்தைப் பற்றியே அதிகம் சொல்கின்றன. அந்தப் பிடிவாதம் மலிவானதுமல்ல: பருவகால முடிவில் இரு அணிகளும் 89 புள்ளிகளோடு நிற்க, 64க்கு 56 என்ற கோல் வித்தியாசத்தில் (அடித்தவற்றிலிருந்து வாங்கியவற்றைக் கழித்த கணக்கு) கிண்ணம் சிட்டிக்குப் போனது.

கோர்னர் எனப்படும் மூலை உதை பற்றி ஒரு சொல். ஆளுக்கு ஆள் பிடித்து நிற்கும் முறையில் கோல் விழுந்தால் அந்த ஆளைத் திட்டுகிறோம். இடத்தைப் பிரித்துக் காக்கும் முறையில் விழுந்தால் முறையையே திட்டுகிறோம். முதலாவதில் பழி போட ஒரு முகம் கிடைக்கிறது, இரண்டாவதில் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

தொலைக்காட்சியில் இப்போது காட்டப்படும் எதிர்பார்ப்புக் கோல் எண்ணிக்கையிலும் இதுபோன்ற அவசரம் உண்டு. ஒவ்வொரு அடியும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்பதைப் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் மதிப்பிட்டுக் கூட்டுவதே அந்தக் கணக்கு. ஒரு பெனால்டியின் மதிப்பு முக்காலுக்குச் சற்று மேல். இருபது ஆட்டங்களின் கூட்டுத்தொகை பின்களத்தைப் பற்றிப் பேசும். ஒரு ஆட்டத்தின் தொகையைக் காட்டி வாதாடுவது, ஒரு நாள் கொழுந்தின் நிறையை வைத்து மலையின் விளைச்சலைச் சொல்வதைப் போன்றது.

இறுதியாக, இங்கிலாந்து அணிகளுக்குப் பொருந்தாத, நமக்கு மட்டுமே உரிய ஒரு தவறு இருக்கிறது. நம் தோட்ட மைதானங்களில் பல ஒரு பக்கம் தாழ்ந்தவை. தாழ்ந்த பக்கத்துக் கோல் கம்பத்தைக் காக்கும் பாதியில் எதிரணியின் ஒவ்வொரு நீண்ட உதையும் தானாகவே நம்மை நோக்கி உருண்டு வரும். நாம் வெளியே அடிக்கும் பந்தோ மேட்டில் ஏறமாட்டாமல் பாதியிலேயே நின்றுவிடும். போதாக்குறைக்கு, பிற்பகல் சரியச் சரிய மூடுபனியும் இறங்கிவிட்டால், உதைக்கப்பட்ட பந்து அருகே வந்த பின்னரே கோல் காப்பாளருக்குத் தெரியும். அந்தப் பாதியில் மூன்று கோல்கள் விழுந்தால், "இரண்டாம் பாதியில் பையன்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது" என்று நாம் தீர்மானித்து, மறுவாரம் அவர்களை ஓட விடுகிறோம். எந்தப் பக்கத்தைக் காக்கும்போது விழுந்த கோல் என்று குறித்துக்கொள்ளாத கணக்கு இங்கே எதற்கும் உதவாது. எங்கள் அணித் தலைவர் இப்போது நாணயச் சுழற்சியில் வென்றால், முதற்பாதியிலேயே தாழ்ந்த பக்கத்தைக் காத்து, மேட்டை நோக்கி ஆடவே கேட்கிறார். பனி இறங்குமுன் அந்தப் பாதியைக் கடந்துவிட வேண்டும் என்பது கணக்கு. அந்த யோசனையைச் சொன்னவர், அன்று ஈரப் புல்லில் வழுக்கி விழுந்த இடது பக்கப் பின்கள வீரர்தான்.