கார் ‘டிக்’ என்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை: பேட்டரி மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கிறது, எஞ்சின் சுழலவில்லை. உடனே கடைக்குப் போய்ப் புதிய பேட்டரி வாங்கிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அதிலும் சரியாகவில்லை என்றால், எஞ்சினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டி அதைக் கழற்றுகிறார்கள். பழுதோ பல நேரங்களில் இவ்விரண்டையும் இணைக்கும் கேபிளிலும் அதன் முனையிலும் இருக்கிறது. அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். ‘டிக்டிக்டிக்’ என்று படபடவென அடித்தால் மின்னழுத்தம் போதவில்லை. செல்ஃப் மோட்டாரின் மேல் உள்ள சோலனாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) இழுத்துக்கொள்கிறது, மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சியதும் அழுத்தம் சரிகிறது, சோலனாய்டு விட்டுவிடுகிறது, அழுத்தம் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு கனத்த ‘டக்’ மட்டும் வந்தால், சோலனாய்டு இழுத்தபடியே நிற்கிறது, மோட்டார்தான் சுழலவில்லை. உள்ளே உள்ள தாமிரத் தொடுமுனைகளோ கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்கலாம். கேபிள் பழுதாக இருந்தாலும் இதே சத்தம் வரும். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்தோ ஃபியூஸ் பெட்டியிலிருந்தோ மெல்லிய ‘டிக்’ மட்டும் வந்தால் அது ரிலே எனும் சிறிய மின்சுவிட்சின் சத்தம். சோலனாய்டுக்கு மின்சாரம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

“ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது” என்பது அடுத்த தவறு. இரண்டு ஹாலஜன் ஹெட்லைட்டுகளுக்குப் பத்து ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஆகவே ஹெட்லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் பேட்டரியையோ இணைப்பையோ சந்தேகிக்கலாம். துளியும் மங்காமல் ‘டக்’ மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரையும் அதன் ஒயரையும் பார்க்கலாம்.

மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களும் தவறு செய்கிறார்கள். வண்டி ஓடி நின்றவுடனோ சார்ஜரைக் கழற்றியவுடனோ அளந்தால் இல்லாத தெம்பு தெரியும். சில மணி நேரம் சும்மா விட்டு அளக்க வேண்டும். முழு சார்ஜ் உள்ள சாதாரண ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆனால் 12.6 காட்டும் பேட்டரியும் சுமை ஏறியதும் படுத்துவிடலாம். அதனால் சாவியைத் திருப்பும் நேரத்திலும் அளவு எடுக்க வேண்டும். அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது சார்ஜ் இல்லை. சார்ஜ் ஏற்றி மறுபடி சோதித்த பிறகே மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

நான் மிகவும் நம்பும் சோதனை அடுத்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழின் மேலேயே வையுங்கள், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மேல் அல்ல. மறுமுனையை அந்தக் கிளாம்பில் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அளவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அங்கே அரை வோல்ட் தெரிந்தால், வெளியே பளபளப்பாக இருந்தாலும் கிளாம்பின் உட்புறத்தில் கருத்த படலம் படிந்திருக்கிறது என்று பொருள். பேட்டரி நெகட்டிவ் குமிழுக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் நடுவிலும் இப்படியே அளந்து பாருங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயர் சரியில்லை. புதிய பேட்டரி போட்டும் தீராத பழுது இங்கேதான் பிடிபடும். சுத்தம் செய்வதற்கு கம்பி பிரஷ்ஷும் சமையல் சோடா கரைத்த நீரும் போதும். கழற்றும்போது நெகட்டிவை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாளுங்கள். இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி தெறிக்கும்.

வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க ஜம்பர் கேபிள் போடும்போது கடைசிக் கறுப்பு முனையை இறங்கிப்போன பேட்டரியிலேயே மாட்டுவது ஆபத்து. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறியிருக்கலாம், ஒரு பொறி போதும். பேட்டரியிலிருந்து தள்ளி, எஞ்சினின் வெற்று உலோகத்தில் மாட்டுங்கள். ஆட்டோமேடிக் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். சாவியைத் தொடர்ந்து திருப்பிக்கொண்டே இருந்தால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகும். ஒரு முறைக்குப் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம், இடையில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். மோட்டாரைச் சுத்தியலால் தட்டுவது சில நேரம் பலிக்கும். நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டாரில் அந்தத் தட்டு காந்தத்தையே உடைத்துவிடலாம்.

வெள்ளநீரில் ஓட்டிய பிறகு ‘டக்’ என்று நின்றுவிட்டால் சாவியைத் தொடவே வேண்டாம். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் பிஸ்டன் நகராது. வலிந்து சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றுவது மெக்கானிக்கின் வேலை.

ஸ்டார்ட் ஆகிவிட்டதா? ஓடும் எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதற்காக, எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். மின்னழுத்தம் எகிறி வண்டியின் மின்னணுப் பெட்டிகள் பழுதாகும். மீட்டரை பேட்டரியில் வைத்தாலே போதும்: பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.7 வோல்ட்டுக்குள் இருக்கும். 12.6-ஐத் தாண்டவே இல்லை என்றால் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். அதைச் சரி செய்யாமல் புதிய பேட்டரி போட்டால் அதுவும் இறங்கிவிடும்.