மகளிர் சங்கத்து நன்கொடை விற்பனை: மாசியிலேயே போடுங்கள்

பள்ளி திறக்கும்போது நோட்டு, பை வாங்கிக் கொடுக்கத்தான் பெரும்பாலான மகளிர் சங்கங்கள் பணம் திரட்டுகின்றன. ஆனால் மே மாதம் விற்பனை மேசை போட்டால் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் யார் வாங்குவார்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடைத்தெருவில் காசு புழங்காது. அதனால் மாசி, பங்குனியிலேயே விற்று முடித்துவிடுங்கள். தடைக்காலம் கொடுப்பதற்கான நேரம், கேட்பதற்கானது அல்ல.

என்ன விற்பது? கேக், பிஸ்கட் எல்லா ஊரிலும் கிடைக்கும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய், பனையோலைப் பெட்டி என்று வையுங்கள். வெளியூர்க்காரர்கள் பேரம் பேசாமல் வாங்குவார்கள். கருப்பட்டியை மட்டும் முன்கூட்டியே பொட்டலம் போடாதீர்கள், கடற்காற்றுக்குக் கசிந்துவிடும். முதல் நாள் ராத்திரி போட்டால் போதும்.

அப்புறம் ஒன்று: சங்கத்துக்கு 80ஜி பதிவு (நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு) இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தருபவரிடம் ரொக்கம் வாங்காதீர்கள். காசோலையோ யுபிஐயோ என்றால்தான் அவருக்கு வரிச்சலுகை கிடைக்கும்.