கண்டாங்கித் துணிக்குப் பொருந்தும் பெயிண்ட்

பழைய தேக்கு நாற்காலிக்குக் கண்டாங்கித் துணியில் மெத்தை உறை தைத்தாயிற்று. சட்டத்துக்கும் அதே அரக்கு நிறம் வேண்டும். துணியைக் காட்டிக் கடையில் கலந்து வாங்கிய எனாமல், டியூப்லைட்டில் அச்சாகப் பொருந்தியது. வெயிலில் செங்கல் நிறம்! துணிச் சாயமும் பெயிண்ட் நிறமியும் வேறு வேறு பொருள். விளக்கு மாறினால் இரண்டும் ஒரே மாதிரி மாறாது.

சரி என்று ஒட்டுப்பலகைத் துண்டில் பிரைமரும் இரண்டு கோட்டும் அடித்தேன். முழுக்கக் காய்ந்ததும் துணியை அதன்மேல் போட்டு, பகலில் ஜன்னலோரமும் இரவில் நாற்காலி இருக்கும் மூலையிலும் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக மெரூன் சேர்த்தேன். அப்புறமும் ஏதோ உறுத்தல். பளபளப்புதான் காரணம், பருத்தி மினுங்காதே! அதே நிறத்தைப் பளபளப்புக் குறைந்த சாட்டின் ஃபினிஷில் வாங்கியதும் சேர்ந்துவிட்டது.