கத்தரிக்கோல் பயம் போன விதம்

பட்டு ரவிக்கைத் துணியில் கத்தரிக்கோல் வைக்க எனக்குக் கை வராது. வெட்டிய துணி ஒட்டாதே! பழகினால் சரியாகும் என்பார்கள். விலையுயர்ந்த துணியில் யார் பழகுவார்கள்? நான் பிழைக்கு இடம் ஒதுக்கிவிட்டேன்.

முதலில் பழைய பருத்திப் புடவையில் வெட்டி, இழையோட்டித் தைத்து, அணிந்து பார்த்தேன். அக்குள் பிடித்தது, தோள் இறங்கியது எல்லாம் அதிலேயே தெரிந்தது. திருத்திய பின் தையலைப் பிரித்து, அந்தத் துண்டுகளையே பட்டின்மேல் வைத்துச் சாக்பீஸால் வரைந்தேன். பக்கத் தையலில் 1 அங்குலம் கூடுதலாக விட்டேன். கழுத்தை மட்டும் சிறிதாகவே வெட்டினேன். பெரிதாக்குவது எளிது, சிறிதாக்க வழியில்லை. (ரவிக்கைத் துணியே பருத்தி என்றால், தைத்தபின் சுருங்காமலிருக்க வெட்டுமுன் நனைத்து உலர்த்திவிடுவேன்.)

இப்போது அக்கா மகளின் கல்யாண ரவிக்கை மேசையில் இருக்கிறது. கழுத்து இன்னும் அரை அங்குலம் இறங்க வேண்டுமாம்.