கல் கிரஷரில் சிலிக்கா தூசியை அளக்கும் முறை

கருங்கல் உடைபடும்போது கண்ணுக்குத் தெரியும் புழுதியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸைக் கொண்டுவருவது ஏறக்குறைய 4 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்தூசி. அது கண்ணில் படாது. அதனால் "இன்றைக்குப் புழுதி கம்மிதான்" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. தொழிலாளியின் உடம்பில் கருவியை மாட்டி, ஷிப்ட் முழுவதும் அளந்தால்தான் உண்மை தெரியும்.

முதலில் ஒரே வகை வேலை செய்பவர்களைக் குழுவாகப் பிரியுங்கள்: துளை போடுபவர்கள், ஜா கிரஷர் (தாடைபோல் கல்லை நொறுக்கும் இயந்திரம்) வாயருகே நிற்பவர்கள், லோடர் ஓட்டுநர்கள், சல்லடைக்கு அடியில் கூட்டிப் பெருக்குபவர்கள். குழுவுக்குக் குறைந்தது மூன்று மாதிரி வேண்டும். கூட்டுபவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது வழக்கமாக இருக்கிறது. அது பெரிய தவறு. உலர்ந்த தூசியைக் கிளப்புவதே அவர்கள் வேலை.

தேவையான பொருட்கள்: இடுப்பில் மாட்டும் காற்றிழுக்கும் பம்ப், டியூப், சைக்ளோன் (பெருந்தூசியைப் பிரித்து, நுண்தூசியை மட்டும் ஃபில்டருக்கு விடும் சிறு கருவி), ஃபில்டரை வைக்கும் 37 மி.மீ. கேசட், 5 மைக்ரான் துளையுள்ள பி.வி.சி. ஃபில்டர், காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டர். ஃபில்டரை எடைபோடும் அறையிலேயே குறைந்தது 2 மணி நேரம் வைத்திருந்து, நிலைமின்சாரத்தை நீக்கி, 0.001 மி.கி. வரை காட்டும் தராசில் எடைபோடுங்கள்.

காற்றோட்ட அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எந்த அளவுத் தூசி ஃபில்டருக்குப் போக வேண்டும் என்பதைச் சைக்ளோன் காற்றின் வேகத்தால்தான் பிரிக்கிறது. 10 மி.மீ. நைலான் சைக்ளோனுக்கு நிமிடத்துக்கு 1.7 லிட்டர், பரவலாகக் கிடைக்கும் அலுமினிய சைக்ளோனுக்கு 2.5 லிட்டர். வேகம் கூடினால் நுண்தூசியின் ஒரு பகுதியும் கீழே விழுந்துவிடும், முடிவு உண்மையைவிடக் குறைவாக வரும். வேகம் குறைந்தால் பெரிய துகளும் ஃபில்டரில் ஏறும், முடிவு கூடுதலாக வரும். இரண்டையுமே பிறகு கணக்குப் போட்டுச் சரிசெய்ய முடியாது. எனவே பம்பை மட்டும் தனியாகச் சோதிக்காமல், சைக்ளோனும் ஃபில்டரும் பொருத்திய நிலையில் காற்றோட்டத்தைச் சரிபாருங்கள். ஷிப்ட் முடிந்ததும் மறுபடி பாருங்கள்; 5 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் அந்த மாதிரியைத் தள்ளிவிடுங்கள்.

சைக்ளோனைச் சட்டைக் காலரில், மூக்கிலிருந்து 30 செ.மீ.க்குள் குத்துங்கள். முகக்கவசம் அணிந்திருந்தாலும் அதற்கு வெளியேதான் இருக்க வேண்டும். கழற்றும்போதும் சைக்ளோனைத் தலைகீழாக்கவே கூடாது. அடியில் சேர்ந்த பெருந்தூசி ஃபில்டரில் கொட்டினால் ஒரு நாள் உழைப்பு வீண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பம்பும் டியூபும் சரியா என்று பார்த்து, தண்ணீர் தெளிப்பு ஓடியதா, மழை பெய்ததா, யாராவது காற்றுக் குழாயால் உடையை ஊதினார்களா என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது ஒரு சில நிமிடத்திலேயே அளவை எகிற வைக்கும். ஒவ்வொரு தொகுதியோடும் காற்று இழுக்காத வெற்று ஃபில்டர் குறைந்தது இரண்டு அனுப்புங்கள். சிலிக்காவை ஆய்வகம் எக்ஸ்ரே அல்லது அகச்சிவப்பு முறையில் பிரித்துச் சொல்லும்.

கணக்கு இப்படி. காற்றோட்டம் நிமிடத்துக்குத் தொடக்கத்தில் 2.50, முடிவில் 2.46 லிட்டர், சராசரி 2.48. 480 நிமிடத்துக்கு 1.19 கன மீட்டர். வெற்று ஃபில்டரின் மாற்றத்தைக் கழித்தபின் தூசி 0.85 மி.கி.; அதில் குவார்ட்ஸ் (கருங்கல்லில் உள்ள சிலிக்கா) 0.15 மி.கி., அதாவது 17.6 சதவீதம். தூசியின் செறிவு கன மீட்டருக்கு 0.71 மி.கி.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, நுண்தூசியின் வரம்பு, குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2-ஐக் கூட்டி, அந்தத் தொகையால் 10-ஐ வகுத்தால் வரும் மி.கி. (கன மீட்டருக்கு). இங்கே அது 0.51. வரம்பு மீறிவிட்டது. குவார்ட்ஸை மட்டும் பார்த்தால் கன மீட்டருக்கு 0.126 மி.கி.; அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு வரம்பு 0.05 மி.கி.தான்.

இப்படி மீறியிருந்தால் முகக்கவசத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தண்ணீர் தெளிப்பு முனைகளின் அடைப்பை நீக்குங்கள், சல்லடையை மூடுங்கள், கூட்டுவதற்கு முன் தரையை நனைக்கச் சொல்லுங்கள். பிறகு அதே குழுவை, மழையில்லாத நாளில், முழு உற்பத்தி நடக்கும்போது மறுபடி அளந்து, அளக்கப்பட்டவரிடம் அவருடைய எண்ணை நேரிலேயே சொல்லுங்கள்.