நடுவரா, மேற்பார்வையாளரா? போட்டி நோட்டீஸ் எழுதப் போகிறவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில் வருஷா வருஷம் கிரிக்கெட் போட்டி நடக்கும். போன முறை நோட்டீஸ் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ‘நடுவர்கள்’ என்று தலைப்புப் போட்டு, கீழே நான்கு பேரை வரிசையாக எழுதிவிட்டேன். கடைசி வரி வழக்கமானதுதான்: ‘நடுவரின் தீர்ப்பே இறுதியானது.’

அரையிறுதி அன்று மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. தேர்ட் மேனில், அதாவது விக்கெட் கீப்பருக்குப் பின்னால் எல்லைக்கோட்டுப் பக்கம் நின்ற பையன் தேயிலைச் செடியோடு செடியாகக் கரைந்துபோனான். மைதானத்தில் நின்ற அம்பயர் ஆடலாம் என்றார். பந்தலில் உட்கார்ந்திருந்த மாமா, அதாவது எங்கள் மேட்ச் ரெஃப்ரி, நிறுத்து என்றார். இரண்டு அணியும் ஆளுக்கொருவர் பக்கம் சேர்ந்துகொண்டது. மாமா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இதுல என் பேருக்கு மேல என்ன போட்டிருக்கு? சத்தமா படி” என்றார். படித்தேன். நடுவர் என்றுதான் இருந்தது. அம்பயருக்கும் அதேதான். ஸ்கோர் எழுத வந்தவருக்கும் அதேதான்!

அன்றைக்குப் பட்ட பாட்டில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். தட்டச்சு, அச்சகம் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவர் தீர்ப்புச் சொல்கிறாரா, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிறாரா? தீர்ப்புச் சொல்பவர் நடுவர். நடுவில் நிற்பவர், எந்தப் பக்கமும் சாயாதவர் என்பது சொல்லிலேயே இருக்கிறது. குறளின் 12-ஆம் அதிகாரம் ‘நடுவு நிலைமை’ என்பது நினைவுக்கு வந்தால் போதும், குழம்பாது. பட்டிமன்றத்துக்கும் நடுவர்தான், நீதித்துறையிலும் நடுவர் உண்டு. 1990-இல் அமைத்த காவிரித் தீர்ப்பாயத்துக்குப் பெயரே நடுவர் மன்றம். எல்லா இடத்திலும் இரண்டு தரப்பு இருக்கிறது, ஒரு முடிவு இருக்கிறது. இரண்டு தரப்பே இல்லாத இடத்தில் நடுவருக்கு வேலை இல்லை.

அடுத்தது நான் விழுந்த குழி. கிரிக்கெட்டில் அம்பயரும் ரெஃப்ரியும் ஒன்றல்ல. அவுட்டா இல்லையா, வெளிச்சம் போதுமா, ஆட்டத்தை நிறுத்தலாமா என்பதெல்லாம் அம்பயர்கள் முடிவு. சர்வதேசப் போட்டிகளில் மேட்ச் ரெஃப்ரி என்பவர் வெளியே உட்கார்ந்து வீரர்களின் நடத்தையைப் பார்ப்பவர், விதி மீறினால் அபராதம் போடுபவர். மைதானத்து முடிவில் அவர் தலையிட மாட்டார். கால்பந்துக்குப் போனால் கதையே வேறு, அங்கே தீர்ப்புச் சொல்பவர்தான் ரெஃப்ரி. ஆரம்ப காலத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஓர் அம்பயர் இருந்தார். அவர்களுக்குள் ஒத்துவராதபோது வழக்கைக் கொண்டுபோக வெளியே ஒருவர் நின்றார், அவர்தான் ரெஃப்ரி. 1891-இல் அவர் மைதானத்துக்குள் வந்தார், அம்பயர்கள் கோட்டோரத்துக்குப் போய் லைன்ஸ்மேன் ஆனார்கள். இத்தனையையும் தமிழில் ‘நடுவர்’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால் எங்கள் அரையிறுதி மாதிரிதான் ஆகும்.

ஆகவே கிரிக்கெட் நோட்டீஸில் அம்பயருக்கு ‘கள நடுவர்’ என்று போடுங்கள். மேட்ச் ரெஃப்ரியைப் பத்திரிகைகள் ‘போட்டி நடுவர்’ என்கின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை, படிப்பவர் அவரைத்தான் பெரிய அம்பயர் என்று நினைத்துக்கொள்கிறார். ஊர்ப் போட்டி அளவில் ‘போட்டி மேற்பார்வையாளர்’ என்று எழுதினால் வம்பே இல்லை. ஸ்கோரருக்கு ஸ்கோரர் போதும். (ஸ்னூக்கர் விதிகளை எழுதி வைத்தது ஊட்டி கிளப்பில் என்று நம் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஆட்டத்திலும் தீர்ப்பு ரெஃப்ரிதான். சரி, அது இப்போது வேண்டாம்.)

அப்புறம், மேற்பார்வையா கண்காணிப்பா? இரண்டும் பார்ப்பதுதான், ஆனால் பார்வை வேறு. மேற்பார்வையில் பொறுப்பு இருக்கிறது, வேலை முடிய வேண்டும் என்ற அக்கறை இருக்கிறது. கண்காணிப்பில் கொஞ்சம் சந்தேகம் கலந்திருக்கும். கடையில் மாட்டுவது கண்காணிப்பு கேமரா, பரீட்சை அறையில் நிற்பவர் அறைக் கண்காணிப்பாளர், மாவட்டத்துக்குக் காவல் கண்காணிப்பாளர். அரசுப் பதவிப் பெயர்களில் மட்டும் இந்தக் கணக்குச் செல்லாது: ஒரே நிலையிலுள்ள பொறியாளரை மின்வாரியத்தில் மேற்பார்வைப் பொறியாளர் என்பார்கள், நெடுஞ்சாலைத் துறையில் கண்காணிப்புப் பொறியாளர் என்பார்கள். பதவிப் பெயரை அவர்கள் பலகையில் இருப்பதுபோலவே எழுதிவிடுங்கள்.

கடைசியாக வினைச்சொல். சான்றிதழில் ‘போட்டியை நடுவராக மேற்பார்வையிட்டார்’ என்று எழுதியவன் நான்தான். இரண்டு வேலையும் ஒருவர் தலையில்! நடுவருக்குத் தனி வினை தேடாதீர்கள். ‘போட்டிக்கு நடுவராக இருந்தார்’ என்பது போதும். ‘பணியாற்றினார்’ என்றால் சான்றிதழுக்கு இன்னும் எடுப்பாக இருக்கும். வேற்றுமை உருபைக் கவனியுங்கள்: போட்டிக்கு நடுவர், ஆனால் போட்டியை மேற்பார்வையிட்டார், போட்டியைக் கண்காணித்தார். ‘மேற்பார்வை பார்த்தார்’ பேச்சில் பரவாயில்லை, அச்சில் வேண்டாம்.

சந்தேகம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டுங்கள். சொல்லோடு வாக்கியமும் கொடுத்திருப்பார்கள், ‘க்கு’வா ‘ஐ’யா என்பது அதில்தான் தெரியும். சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் என்ற பேரகராதி பெரிது, பழைய சொல்லுக்கு அதுதான் சரி, நோட்டீஸுக்கு அவ்வளவு தேவையில்லை. போனில் ஆங்கிலத்தைப் போட்டுத் தமிழாக்கி எடுப்பதை நான் விட்டுவிட்டேன்.

பின்சேர்க்கை: கூடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார், ‘கண்காணிப்பாளருக்குப் பதில் கண்காணி என்று சுருக்கமாக எழுதலாமே, சோழர் கல்வெட்டிலேயே இருக்கிறதே?’ இருக்கிறது, நல்ல பழைய சொல்தான். ஆனால் நம் மலையில் அதைச் சொன்னால் காதில் விழுவது கங்காணி, அதாவது தோட்டத்துக்குக் கூலியாள் சேர்த்து வேலை வாங்கியவர். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு அது வெறும் பதவிப் பெயர் இல்லை. ஆள் பிடித்ததும் முன்பணக் கடனில் கட்டிப்போட்டதும் அதோடு சேர்ந்து வரும். நோட்டீஸில் வேண்டாம்.

இந்த வருஷ நோட்டீஸ் போன வாரம் அச்சுக்குப் போனது. ‘கள நடுவர்கள்: இருவர். ஆட்டம் தொடர்பான முடிவு இவர்களுடையது. போட்டி மேற்பார்வையாளர்: ஒருவர்.’ புரூஃபை மாமாவிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்துவிட்டு, பேருக்கு முன்னால் ‘திரு’ விட்டுப்போயிருக்கிறது என்றார்.